குப்பை வண்டியை ஊர் மறித்த பிறகு



2024 டிசம்பர் நடுவில், திருநெல்வேலியை அடுத்த நடுக்கல்லூர், கொடகநல்லூர் வட்டாரத்தில் மூட்டை மூட்டையாக மருத்துவக் கழிவு கொட்டிக் கிடப்பதை ஊர் மக்கள் கண்டார்கள். பயன்படுத்திய சிரிஞ்சுகள் இருந்தன, நோயாளிகளின் பெயர் எழுதிய சீட்டுகளும் இருந்தன. அந்தச் சீட்டுகள்தான் கழிவு எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டிக்கொடுத்தன. மலைக்கு அந்தப்பக்கம், திருவனந்தபுரத்து மருத்துவமனைகளிலிருந்து வந்திருந்தது. மூன்று நாளில் எல்லாவற்றையும் அள்ளிச் செல்ல வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு கேரளத்துக்கு உத்தரவிட்டது. டிசம்பர் 22 அன்று கேரள அதிகாரிகள் லாரிகளோடு வந்து அள்ளத் தொடங்கினார்கள்.

நெல்லைச் சீமை கொதித்தது முழுக்க நியாயம். தாமிரபரணித் தண்ணீரைக் குடிக்கிற மக்களின் நிலத்தில் கொண்டுவந்து கொட்டியதற்கு எந்தச் சமாதானமும் செல்லாது. ஆனால் கோபத்தோடு நிறுத்திக்கொண்டால் ஒரு பெரிய பாடத்தைத் தவறவிடுவோம். குப்பையை எப்படிக் கையாள வேண்டும் என்று உலகத்துக்குக் காட்டிய ஊர்களில் ஒன்று அதே கேரளத்தில்தான் இருக்கிறது. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2017இல் எடுத்துக்காட்டாகப் பேசிய ஐந்து ஊர்கள் ஜப்பானின் ஒசாகா, ஸ்லோவேனியாவின் லியூப்லியானா, மலேசியாவின் பினாங்கு, கொலம்பியாவின் கஹிகா, கேரளத்தின் ஆலப்புழை. மற்ற ஊர்களின் வசதிக்கு முன்னால் ஆலப்புழை ஒரு சாதாரண நகராட்சி. நம்மூர் நகராட்சிகளைப் போலவே சம்பளம் கொடுப்பதற்கே திணறுகிற நிர்வாகம்.

இந்த ஊர் எப்படி அந்த இடத்துக்கு வந்தது என்பதைத்தான் இன்று விரிவாகப் பார்க்கப்போகிறோம். வேறொரு ஊர் வண்டியை மறித்த நாளில்தான் எல்லாம் தொடங்கியது.

முதலில் மறித்தது விளப்பில்சாலா. திருவனந்தபுரத்துக்கு வெளியே உள்ள ஊராட்சி அது. தலைநகரத்தின் குப்பையை உரமாக்கும் ஆலை 2000ஆம் ஆண்டு அங்கே வந்தது. ஆலை என்று பெயர் இருந்தாலும், உரமானதைவிட மலையாய்க் குவிந்ததே அதிகம். பக்கத்து ஓடை கறுத்தது, கிணற்றுத் தண்ணீர் கெட்டது, அந்த ஊரில் பெண் கொடுக்க யோசிக்கிறார்கள் என்று மக்கள் புலம்பும் அளவுக்கு நாற்றம் வீசியது. 2011 டிசம்பரில் ஊராட்சி ஆலைக்குப் பூட்டுப் போட்டது. மறு ஆண்டு நீதிமன்ற உத்தரவோடும் போலீஸ் காவலோடும் வண்டிகள் வந்தபோது, பெண்களும் முதியவர்களும் சாலையில் திரண்டு மறித்தார்கள். தடியடி, கண்ணீர்ப்புகை எல்லாம் நடந்தும் வண்டிகள் திரும்பித்தான் போயின.

இந்த ஆலை ஏன் தோற்றது? நிர்வாகக் கோளாறு உண்டு, ஊழல் புகார்களும் உண்டு. அவற்றையெல்லாம் நீக்கிவிட்டுப் பார்த்தாலும் ஆலை தோற்றிருக்கும். மீந்த சோறும் பால் கவரும் உடைந்த பல்பும் ஒரே வாளியில் விழுந்தபிறகு அவற்றைப் பிரிக்க எந்த இயந்திரத்தாலும் ஒழுங்காக முடிவதில்லை. ஈரக் கழிவின் மேல் பிளாஸ்டிக் தாள் மூடிக்கொள்கிறது, காற்றுப் புகாத இடத்தில் அழுகல் மீத்தேனாகிறது, அந்த வாயு கோடையில் தீப்பிடிக்கிறது. மழை பெய்தால் மேட்டுக்குள் இறங்கும் நீர் கறுப்புச் சாறாகக் கசிந்து கிணற்றுக்குப் போகிறது. சோற்றுத்தண்ணீரில் நனைந்த காகிதத்தைப் பழைய பேப்பர் கடைக்காரரும் தொடமாட்டார். கண்ணாடித் துண்டு கலந்த உரத்தை எந்த விவசாயியும் வாங்கமாட்டார். ஆண்டுக்குச் சராசரியாக 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் மாநிலம் கேரளம். 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 860 பேர் வசிக்கிறார்கள். அங்கே ஊருக்கு ஒதுக்குப்புறம் என்று சொல்கிற இடத்திலும் யாரோ ஒருவருடைய வீடும் கிணறும் இருக்கின்றன.

2012இல் ஆலப்புழையின் முறை வந்தது. அந்நகரம் நாளொன்றுக்குச் சுமார் 50 டன் குப்பையைப் பக்கத்திலிருந்த சர்வோதயபுரம் என்ற கிராமத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த மக்களும் வண்டிகளை மறித்தார்கள். சில நாட்களிலேயே நகரத்தின் தெருமுனைகளும் கால்வாய்களும் நிரம்பின. படகு வீடுகளுக்காக வெளிநாட்டினர் தேடி வருகிற ஊர் அது. 2006இல் சிக்குன்குனியா மிகக் கடுமையாகத் தாக்கிய ஊரும் அதுதான். தேங்கிய குப்பையும் தேங்கிய தண்ணீரும் என்ன செய்யும் என்று அந்த மக்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இந்த இடத்தில் பெரும்பாலான நகராட்சிகள் வேறொரு கிராமத்தைத் தேடியிருக்கும். ஆலப்புழை அப்படித் தேடவில்லை. அப்போது எதிர்க்கட்சியில் இருந்த அத்தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் தாமஸ் ஐசக்கும் நகராட்சியும் சேர்ந்து, 2012 இறுதியில் ‘நிர்மல பவனம், நிர்மல நகரம்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். முதலில் 12 வார்டுகளில் மட்டும் நடைமுறைக்கு வந்தது. அதன் அடிப்படை மிக எளிமையானது. அழுகும் குப்பை வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது, தாண்டினாலும் வார்டைத் தாண்டக் கூடாது.

இதற்குக் கையாண்ட கருவிகள் எதுவும் வெளிநாட்டிலிருந்து வந்தவை அல்ல. கொல்லையில் கொஞ்சம் இடமுள்ள வீட்டுக்கு மானியத்தில் சாண எரிவாயுக் கலன் கொடுத்தார்கள். சாணத்துக்குப் பதிலாக மீந்த சோறும் மீன் கழுவிய தண்ணீரும் அதற்குள் போகும். கேரளச் சமையலறையில் மீன் கழிவுதான் பெரிய தலைவலி. அதையும் விழுங்கிவிட்டு, தேநீர் போடவும் குழம்பு சுடவைக்கவும் போதுமான எரிவாயுவை அது தந்துவிடுகிறது.

கலன் வைக்க முடியாத வீட்டுக்குக் குழாய் உரம். ஆளின் மார்பு உயரத்துக்கு இரண்டு பிவிசி குழாய்கள் வேண்டும். அடிப்பக்கத்தை மண்ணில் ஓர் அடி புதைத்து, செங்குத்தாக நட்டு, மேலே ஒரு மூடி போட்டுவிடுவார்கள். காய்கறித் தோலும் மீந்த சாதமும் தினமும் ஒரு குழாய்க்குள் போகும். இடையிடையே வெல்லம் கரைத்த சாணத் தண்ணீரை ஊற்ற வேண்டும், அது நுண்ணுயிர்களைத் தூண்டிவிடும். முதல் குழாய் நிறைந்ததும் இரண்டாவதில் போடத் தொடங்குவார்கள். இரண்டாவது நிறைவதற்குள் முதல் குழாயில் இருப்பது கறுப்பு மண்ணாகிவிடும். குழாயை உருவி எடுத்தால் மண் அப்படியே நிற்கும், வாழைக்கு அள்ளிப்போடலாம். ஒரு குடும்பம் ஒரு வாரத்தில் பழகிக்கொள்ளக்கூடிய வேலைதான். ஆனாலும் அதைச் செய்யவைக்க வார்டு உறுப்பினர்கள் வீடு வீடாகப் போய்ப் பேச வேண்டியிருந்தது, பள்ளிப் பிள்ளைகளை ஈடுபடுத்த வேண்டியிருந்தது. திட்டத்தின் உழைப்பில் பெரும் பங்கு இந்தப் பேச்சுக்குத்தான் போனது.

எதற்கும் இடமில்லாத வீடுகளுக்கும் கடைகளுக்கும் தெருவில் பொதுத் தொட்டிகள் வைத்தார்கள். திருச்சூர் மாவட்டத்தில் தும்பூர்முழி என்ற இடத்திலுள்ள கால்நடைப் பண்ணையில் கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய முறை அது. ஏறத்தாழ நாலடி நீளம், நாலடி அகலம், நாலடி உயரத்தில் பக்கமெல்லாம் இடைவெளி விட்ட பெட்டி. அடியில் சாணம், அதன்மேல் காய்ந்த இலை, அதன்மேல் கழிவு, மறுபடியும் சாணம் என்று அடுக்கிக்கொண்டே போக வேண்டும். இடைவெளி வழியாகக் காற்று ஓடுவதால் அழுகல் நாற்றம் எழுவதில்லை. உள்ளே சூடு 70 டிகிரி செல்சியஸ் வரை ஏறுவதால் புழுவும் கிருமியும் மடிந்துவிடும். சுமார் மூன்று மாதத்தில் உரம் கிடைத்துவிடும்.

தொட்டிகளை வைத்த இடங்களில்தான் நகராட்சியின் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. பல தொட்டிகள், முன்பு எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோன அதே குப்பை மூலைகளில் வந்தன. கொட்டகை போட்டு, சுவரில் ஓவியம் வரைந்து, சுற்றிலும் செடி வைத்து, கண்காணிக்கப் பணியாளரையும் நிறுத்தினார்கள். பிரிக்காமல் கொண்டுவந்தால் அங்கே வாங்கமாட்டார்கள். தன் கண்ணெதிரே ஒருவர் நின்று வாங்கிக்கொள்ளும்போது, இருட்டோடு இருட்டாகப் பையை வீசிவிட்டுப் போகும் பழக்கம் தானாகக் குறைந்தது. 2016இல் தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் தூய்மை நகரத்துக்கான விருதை ஆலப்புழைக்கு வழங்கியது.

எல்லாம் அப்படியே நீடித்ததா என்றால் இல்லை. பழுதான எரிவாயுக் கலன்களைச் சரிசெய்ய ஆளில்லாமல் சில வீடுகளில் அவை மூலையில் கிடந்தன. சாணமும் காய்ந்த இலையும் உரிய நேரத்தில் வராத தொட்டி மறுபடியும் நாறியது. பரவலாக்கிய திட்டத்துக்கு ஒரு விலை உண்டு. ஓர் ஆலையைப் பராமரிக்க வேண்டிய இடத்தில் ஆயிரக்கணக்கான சிறு கலன்களையும் குழாய்களையும் பராமரிக்க வேண்டும். நகராட்சி ஒரு பருவம் அசட்டையாக இருந்தாலும் வேலை பின்னோக்கிப் போய்விடும். இருந்தாலும், அங்கே ஒரு தொட்டி கெட்டால் கெடுவது ஒரு தெருமுனைதான். விளப்பில்சாலாவில் கெட்டது ஓர் ஊர்.

மக்கும் குப்பைக்கு இப்படி வழி கிடைத்தது. பால் கவரும் பழைய செருப்பும் தேய்ந்த பேட்டரியும் எங்கே போகும்? இந்தக் கேள்விக்கு விடையாக வந்ததுதான் ஹரித கர்ம சேனா. வறுமை ஒழிப்புக்காக 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களிலிருந்து திரட்டிய பெண்களின் படை இது. இன்று முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள், பச்சை மேலங்கி அணிந்து, கேரளம் முழுக்க வீட்டு வாசலுக்குப் போகிறார்கள். கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கை மட்டும்தான் வாங்குவார்கள். கண்ணாடிக்கு ஒரு மாதம், பழந்துணிக்கு ஒரு மாதம், மின்னணுக் கழிவுக்கு ஒரு மாதம் என்று நாட்காட்டி வைத்திருக்கிறார்கள். பல ஊர்களில் கதவோரம் க்யூஆர் குறியீடு ஒட்டியிருக்கும். அதைக் கைப்பேசியில் பதிந்துவிட்டால் எந்த வீடு கொடுத்தது, எந்த வீடு கொடுக்கவில்லை என்பது உள்ளாட்சி அலுவலகத்துக்குத் தெரிந்துவிடும்.

வாங்கிய மூட்டையைப் பிரிக்கிற கொட்டகையில்தான் இந்த வேலையின் கனம் தெரியும். தரையில் கொட்டி, கையால் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறார்கள். பால் கவருக்கு நல்ல விலை உண்டு, அது தனி. எண்ணெய் கேனும் வாளியும் இன்னொரு குவியல். சிப்ஸ் பாக்கெட் போன்ற பல அடுக்கு உறைகளை யாரும் விலைக்கு எடுப்பதில்லை, அவை கடைசியில் சிமென்ட் சூளைக்கு எரிபொருளாகப் போகின்றன. எந்த உறை எந்தக் குவியலுக்கு என்பதைக் கசக்கும்போது வரும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடும் தேர்ச்சி இந்தப் பெண்களுக்கு வந்துவிடுகிறது. தயாரித்த நிறுவனம் சுமக்க வேண்டிய பாரத்தை இங்கே ஒரு பெண்ணின் முதுகும் கண்ணும் சுமக்கின்றன என்பதை மறக்கக் கூடாது.

இவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. வீடுகள் தரும் கட்டணம்தான் முதன்மையான வருமானம். ஊராட்சிகளில் பெரும்பாலும் வீட்டுக்கு மாதம் 50 ரூபாய், நகரங்களில் சற்றுக் கூடுதல். தொடக்கத்தில் பலர் கொடுக்க மறுத்தார்கள். ‘எங்கள் குப்பையை எடுத்து விற்று நீங்கள் சம்பாதிக்கிறீர்கள், நாங்கள் ஏன் பணம் தர வேண்டும்’ என்று வாசலிலேயே விரட்டிய வீடுகள் உண்டு. மலப்புறம் மாவட்டம் பரப்பனங்காடி நகராட்சியில் இந்தச் சேனாவைச் சேர்ந்த 11 பெண்கள், 2023 மழைக்கால பம்பர் லாட்டரிக்கு 250 ரூபாய்ச் சீட்டு ஒன்றைக் கூட்டாக வாங்கினார்கள். ஒன்பது பேர் ஆளுக்கு 25 ரூபாய் போட்டார்கள். மீதி இருவரிடம் அந்தப் பணமும் இல்லாமல் ஆளுக்குப் பன்னிரண்டரை ரூபாய் போட்டார்கள். அந்தச் சீட்டுக்கு 10 கோடி ரூபாய் முதல் பரிசு விழுந்தது. செய்தி நாடெங்கும் ஓடியது. பரிசு கிடைத்த பிறகும் இந்த வேலையை விடமாட்டோம் என்று அவர்கள் சொன்னார்கள். நாடு அதைக் கொண்டாடியது சரிதான். 25 ரூபாயைப் பங்கு போட வேண்டிய நிலையில் அந்தப் பெண்கள் இருந்தார்கள் என்பதையும் அந்தக் கொண்டாட்டத்தோடு சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

கேரளம் முழுக்க இந்த வழியில் போயிருந்தால் பேச்சை இங்கேயே முடித்துவிடலாம். போகவில்லை. கொச்சி மாநகராட்சி, பிரம்மபுரத்தில் 110 ஏக்கர் நிலத்தில் எல்லாவற்றையும் கலந்து கொட்டிக்கொண்டே இருந்தது. 2023 மார்ச் 2ஆம் தேதி அந்த மேடு தீப்பிடித்தது. மேலே அணைத்தாலும் அடியில் கனன்றுகொண்டே இருந்ததால், மண் அள்ளும் இயந்திரத்தால் தோண்டித் தோண்டித் தண்ணீர் பாய்ச்ச வேண்டியிருந்தது. பன்னிரண்டு நாள் அந்த நகரம் பிளாஸ்டிக் புகையைச் சுவாசித்தது. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள், வீட்டைவிட்டு வெளியே வராதீர்கள் என்று மக்களுக்கு அறிவுறுத்தினார்கள். பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

தலைநகரத்தின் கதை இன்னும் வேதனையானது. விளப்பில்சாலா மூடியபின் திருவனந்தபுரத்தில் குப்பை பல வழிகளில் சிதறியது, அவற்றில் ஒன்று ஆமயிழஞ்சான் ஓடை. 2024 ஜூலை 13ஆம் தேதி, மத்திய ரயில் நிலையத்துக்கு அடியில் சுரங்கமாக ஓடும் பகுதியில், குப்பையை அகற்ற இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரை மழை வெள்ளம் இழுத்துக்கொண்டது. தேடுவோர் உள்ளே நுழைய முடியாதபடி பிளாஸ்டிக் கழிவு அடைத்துக் கிடந்தது. முக்குளிப்போரும் ரோபோவும் இரண்டு நாள் தேடியபின், ஜூலை 15 அன்று அவர் உடல் வேறோர் இடத்தில் மிதந்தது. நகரத்தில் யார் யாரோ வீசிய கவர்களுக்கு அவர் உயிரை விலையாகக் கொடுத்தார். அதே ஆண்டு டிசம்பரில்தான் நடுக்கல்லூரில் மூட்டைகள் வந்து விழுந்தன.

பிரம்மபுரம் தீக்குப் பிறகு கேரள அரசு விழித்துக்கொண்டது. குப்பையில்லாக் கேரளம் என்ற இயக்கத்தை அறிவித்து, சட்டத்தையும் திருத்தியது. இப்போது சேனாவுக்குக் கட்டணம் தராத வீட்டின் பாக்கியைச் சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்க உள்ளாட்சிக்கு அதிகாரம் இருக்கிறது. வாசலில் நின்று கெஞ்ச வேண்டிய நிலை அந்தப் பெண்களுக்குக் குறைந்திருக்கிறது. மொத்தத் திட்டத்தில் இது சின்ன விதியாகத் தெரியலாம். உண்மையில் முதுகெலும்பே இதுதான். வசூலாகாத கட்டணத்தை நம்பி நடத்தும் எந்தத் திட்டமும் இரண்டாம் ஆண்டில் படுத்துவிடும்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். வீட்டிலேயே தரம் பிரிக்க வேண்டும், பயன்பாட்டுக் கட்டணம் வசூலிக்க வேண்டும் என்பதெல்லாம் 2016ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளிலேயே இருந்தன. அந்த விதிகளின் வேர், சுற்றுச்சூழல் ஆர்வலர் அல்மித்ரா பட்டேல் 1996இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கில் இருக்கிறது. கால் நூற்றாண்டுக்கு மேலாக எல்லா மாநகராட்சிகளுக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேலே எழும்பிய பெருங்குடிக் குப்பை மேடு 2022 ஏப்ரலில் எரிந்தது. கோவையின் வெள்ளலூர் கிடங்கு 2024 ஏப்ரலில் எரிந்தது. பழைய மேடுகளைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் வேலை நூற்றுக்கணக்கான கோடியில் நடக்கிறது, அது தேவைதான். அந்தப்பக்கம் தோண்டிக்கொண்டிருக்கும்போதே இந்தப்பக்கம் கலந்த குப்பை வண்டிகள் வந்துகொண்டிருந்தால் செலவுக்கு முடிவே இராது.

நம்மிடமும் நல்ல முன்மாதிரி உண்டு. நீலகிரியில் காட்டுக்குள் உடைந்து கிடந்த மதுபாட்டில்கள் யானையின் காலைக் கிழித்தன. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டபின், 2022 முதல் அங்கே ஒவ்வொரு பாட்டிலுக்கும் 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பணத்தையும் திருப்பிக் கொடுக்கிறார்கள். பாட்டில்கள் திரும்பி வந்தன, திட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. வீசுகிறவரைத் திட்டிக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு, வீசினால் நட்டம் என்று ஏற்பாடு செய்தார்கள். இதே ஏற்பாட்டை மற்ற உறைகளுக்கும் கொண்டுவர முடியாது என்பதற்கு வலுவான காரணம் எதுவும் இல்லை.

நம் தூய்மைப் பணியாளர்களின் நிலையும் இதோடு பின்னிக் கிடக்கிறது. 2025 ஆகஸ்டில் சென்னையின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் பணியாளர்கள் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை முன்னால் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். பணியைத் தனியாரிடம் விடாதே, எங்களை நிரந்தரமாக்கு என்று கேட்டார்கள். யார் தலைமையில் வேலை நடக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் எந்த வீட்டில் எப்படிப்பட்ட குப்பை வருகிறது, எந்தத் தெருவில் யார் பிரித்துக் கொடுப்பதில்லை என்ற அறிவு அவர்களிடம்தான் இருக்கிறது. ஒப்பந்தம் மாறும்போதெல்லாம் ஆளையும் மாற்றினால் அந்த அறிவு நகரத்தைவிட்டே போய்விடும்.

கிராம சபை தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. நகரங்களில் பகுதி சபைகள் 2022 நவம்பர் 1 முதல் கூடத் தொடங்கின. அங்கே போய்க் கேட்பதற்குச் சில கேள்விகள் உண்டு. நம் வார்டுக் குப்பை இன்று எந்த இடத்தில் போய் விழுகிறது? ஒப்பந்தக்காரருக்கு எடைக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கிறீர்களா? அப்படியானால் குப்பை குறைவதை அவர் ஏன் விரும்பப்போகிறார்? பல லட்சம் செலவில் கட்டிய நுண் உர மையம் மாதத்தில் எத்தனை நாள் ஓடுகிறது, உரத்தை யார் வாங்கினார்கள்? பிரித்துக் கொடுத்த குப்பையை வண்டியில் மறுபடியும் ஒன்றாகக் கொட்டுவதை நிறுத்த யார் பொறுப்பு? பணியாளர்களுக்குக் கையுறையும் காலணியும் கடைசியாக எப்போது கொடுத்தீர்கள்? வாய்ப்பேச்சாகக் கேட்டால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்து, வந்தவர்களின் கையெழுத்தையும் வாங்கிவிட்டால், அடுத்த கூட்டத்தில் முதலில் அதற்குப் பதில் சொல்லும்படி கேட்க ஆதாரம் நம் கையில் இருக்கும்.